சகலைகளின் கண்ணாடி ஆலை

அக்காளின் கணவர் பாட்டில் செய்யும் கண்ணாடி ஆலைக்கு முதலாளி. தங்கை விரும்பிக் கட்டிக்கொண்டவரோ அதே ஆலையின் தொழிற்சங்கச் செயலாளர். இரண்டு சகலைகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் போதும், பேச்சு கூலி உயர்வில்தான் போய் நிற்கும்.

"கேட்டது கிடைக்கலன்னா உலையை அணைய விட்டுடுவோம், சகலை" என்பார் செயலாளர். உலை அணைந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இறுகி உலையே பாழ். அதனால் முதலாளி ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வருவார்.

அப்போதுதான் ஆட்சி கவிழ்ந்தது. வந்தவர்கள் ஆலைகள் இனி மக்களுக்கே சொந்தம் என்றார்கள். ஒரு காலையில் அதிகாரிகள் வந்து அலுவலகத்துக்குச் சீல் வைத்தார்கள். ஆலைக்குள்ளேயே இருந்த பங்களாவும் கையை விட்டுப் போனது. அக்காள் தையல் மிஷினையும் பாத்திரங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, டயர் கடை மாடியில் வாடகை வீட்டுக்குப் போனாள். பங்களாவுக்குக் குடிவந்தது தங்கை. புது ஆட்சிக்காகக் கொடி பிடித்த செயலாளர்தான் இப்போது ஆலையின் டைரக்டர்.

தங்கை அழுதுகொண்டே வந்தாள். "நான் கேக்கலக்கா."

"நீ கேக்கலடி. வேண்டாம்னும் சொல்லலையே" என்றாள் அக்காள். இருந்தும் காப்பி போட்டுக் கொடுத்தாள்.

கையிருப்பு கரைந்ததும் அக்காள் ஆலையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். பாட்டில்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, விரிசல் விட்டதைக் கழிக்கும் வேலை. கணவர் குதிகுதியென்று குதித்தார்.

"என் ஆலையில நீ கூலி வேலை செய்யிறதா?"

"அது இப்போ மக்களோட ஆலையாம். நானும் மக்கள்ல ஒருத்திதானே?"

உள்ளே போன பிறகுதான் அவளுக்குச் சில விஷயங்கள் புரிந்தன. உலைக்காரர்களின் கூலி அப்படியேதான் இருந்தது. பங்களாவில் திரைச்சீலை மாறியிருந்தது. பழைய காரின் பின்சீட்டில் ஆள் மாறியிருந்தார். கூலி உயர்வு கேட்ட உலைக்காரர் ஒருவரை, மக்களுக்கு விரோதி என்று சொல்லித் தொலைதூரத்துக்கு மாற்றினார்கள். மாற்றியவர் டைரக்டர். மாற்றப்பட்டவரோ சங்கத்தில் அவருக்கு வலது கையாக இருந்தவர்.

சில வருஷங்களில் அந்த ஆட்சியும் போயிற்று. ஆலைகளைத் தனியாருக்கு விற்கப் போவதாகப் புதிய அமைச்சர் அறிவித்ததும், கணவருக்கு உயிர் வந்தது. கோட்டை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அமைச்சரைப் பார்க்கப் போனார். சாயங்காலம் வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார்.

"சகலைக்கே வித்துட்டாங்க. அடிமாட்டு விலைக்கு! பணமும் அரசாங்க பேங்க் கடன். தேர்தலுக்கு முன்னாடியே அவரு கட்சி மாறிட்டாராம். இது அநியாயம் இல்லையா?"

"அநியாயம்தான்" என்றாள் அவள். "அந்த நிலம் உங்கப்பாவுக்கு எப்படிக் கிடைச்சுது?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். செங்கல் சூளைக்காரர்களை அங்கிருந்து விரட்டிவிட்டு, அந்தக் காலத்து ஆளுநர் தன் நண்பரான அவர் அப்பாவுக்குக் கொடுத்த நிலம் அது. கல்யாணமான புதிதில் அவரே பெருமையாகச் சொன்ன கதை.

"அது வேற" என்றார்.

"என்ன வேற? அன்னிக்கு உங்கப்பாவுக்குத் திறந்த கதவு, இன்னிக்கு அவருக்குத் திறந்திருக்கு. சூளைக்காரங்களுக்கு அன்னிக்கும் திறக்கல, உலைக்காரங்களுக்கு இன்னிக்கும் திறக்கல."



புது முதலாளி ஒருநாள் அவள் வேலை செய்யும் இடத்துக்கே வந்தார். "அண்ணி, நீங்க இங்க நின்னு கஷ்டப்பட வேண்டாம். ஆபீஸ்ல நல்ல வேலையா போட்டுத் தரேன்."

"வேண்டாம் தம்பி. உலைக்காரங்க புதுசா சங்கம் ஆரம்பிக்கிறாங்க. நானும் சேர்ந்துட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அவர் சிரித்தார். பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காவலாளி அவளை வாசலிலேயே தடுத்தான். விஷயம் உள்ளே பரவியதும் உலைக்காரர்கள் கரி அள்ளிப் போடும் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள். உலை ஆறத் தொடங்கினால் என்ன ஆகும் என்று முதலாளிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. மதியத்துக்குள் அவளை உள்ளே விட்டார்கள். கூலியும் கொஞ்சம் ஏறியது.

அதன் பிறகு தங்கை மாடி வீட்டுக்கு வருவது நின்றுபோனது. அக்காளுக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் சங்கக் கூட்டம் ஒன்றைக்கூட அவள் தவறவிட்டதில்லை.