நீதிபதியின் முதுகு

வாருங்கள், சாட்சியாக வந்து நில்லுங்கள். கண்ணிருந்தும் பாராதவன் குற்றவாளிக்குத் துணை.

இதோ ஒரு சலவைக்கூடம். சுவரெல்லாம் நீராவி வியர்த்து வழிகிறது. இஸ்திரி மேசையருகே நிற்கும் இப்பெண்ணின் கணவன் இங்கேதான் கொதிகலன் பார்த்தான். அது வெடித்து இங்கேதான் செத்தான். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து ஆவியை வெளியேற்றும் மூடியை, வேலை ஓடவேண்டுமென்று கம்பியால் கட்டச் சொன்னவர் முதலாளி. கூடமே திரண்டுபோய் அதை நீதிமன்றத்தில் சொன்னது. நேற்று வந்தது தீர்ப்பு: கவனக்குறைவு செத்தவனுடையது, முதலாளி நிரபராதி.

இன்று, வழக்கம்போல, தீர்ப்பெழுதியவரின் கறுப்பு அங்கி அவள் மேசைக்கே வந்தது. முதுகுப் பக்கத்தை விரித்தாள். சூடேறிய பெட்டியை வைத்தாள். எடுக்கவில்லை.

பக்கத்து மேசையில் நாத்தனார் மூக்கைச் சுளித்தாள். "அண்ணி, பெட்டியத் தூக்கு. கருகுது."

"கருகட்டும்டி."

"ஐயாவோட அங்கி அண்ணி."

"உங்கண்ணன் உடம்பும்தான் கருகுச்சு. அதுக்கு எந்த ஐயா பதறினாரு?"

நாத்தனார் போய், புகை வெளியேற ஜன்னலைத் திறந்துவிட்டாள். "அப்போ நல்லா அழுத்து. அரைகுறை வேலைன்னா முதலாளி திட்டுவாரு."

ஓட்டை உள்ளே போகும்படி மடித்து அனுப்பினார்கள்.

மறுநாள் அங்கியை மாட்டிவிட்ட சேவகர் அதைக் கண்டார், வாய் திறக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது. நீதிபதி மேடையேறினார். எழுந்து நின்ற கூட்டம் பார்த்தது: கறுப்புத் துணியின் நடுவே, இஸ்திரிப்பெட்டி வடிவில், பளிச்சென்று வெள்ளைச் சட்டை. பின்வரிசையில் பிறந்த சிரிப்பு முன்வரிசைக்கு வந்தபோதுதான் அவர் கை முதுகைத் தடவியது.

"யார் செய்தது இது?"

"நான்தாங்க" என்று, பார்க்கவென்றே வந்திருந்த அவள் பின்னாலிருந்து முன்னே வந்தாள்.

விவரமறியாத அரசு வழக்கறிஞர் கேட்டுவிட்டார்: "எந்தச் சலவைக்கூடம்மா?"

"ஐயா முந்தாநாள் விடுதலை பண்ணாரே, அந்த முதலாளியோடதுதாங்க. அங்க ஐயா வீட்டுத் துணிக்கு எப்பவுமே கூலி கிடையாதுங்க."

சிரிப்பு செத்தது. நீதிபதி அறிவித்தார்: நீதிமன்ற அவமதிப்பு, திங்கட்கிழமை அவரே விசாரிப்பாராம்.

அவரேயாம்!

வேதாகமம் அதிகாரத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. ஆளுகிறவன் ஆண்டவனின் வேலையாள் என்கிறது. அவனைக் கண்டு கொடியவன் நடுங்கவேண்டும் என்கிறது. இங்கோ கொடியவன் துணி வெளுத்துக் கொடுக்கிறான், விதவை கூண்டேறுகிறாள். கைக்கூலியை உடுத்திக்கொண்டு நியாயம் உரைத்தவருக்கும் மேலே ஒரு நியாயாசனம் உண்டு. அங்கே முதுகை மறைக்கும் சுவரில்லை. ஆனால் அந்த நாள்வரை பொறுத்திரு என்று அவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை. அந்த நாற்காலி அவருக்கு இரவல். இரவல் கொடுத்தவன் பெயரால் அதைப் பறித்தே தீரவேண்டும்.

திங்கட்கிழமை வாருங்கள். அவர் நுழையும்போது எழாதீர்கள். அவளைக் கூப்பிடும்போது எழுங்கள். "உன் வழக்குக்கு நீயே நீதிபதியா? இறங்கு" என்று சொல்லுங்கள்.

அவர் இறங்கும்வரை உட்காராதீர்கள்.