காரணம் இல்லாத புதன்கிழமை

ஆனந்தவல்லிக்குப் பொய் சொல்ல வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரத்தநாட்டு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவை விற்பவளுக்கு அது வராமல் எப்படி? ஆனால் லீவுக்காக அவள் சொன்ன கடைசிப் பொய் அவள் மானத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டது.

புதன்கிழமை அவளுக்கு வார லீவு. ஆவணி பிறந்து முகூர்த்தங்கள் வரிசைகட்டியதும் அந்தப் புதன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. விடிந்ததும் மேனேஜர் குஞ்சிதபாதம் போன் செய்வார். ஒரு மணி நேரம் வந்துவிட்டுப் போ என்பார். அந்த ஒரு மணி நேரம் கடை சாத்தும்போதுதான் முடியும். பதிலுக்கு வேறொரு நாள் லீவு என்ற பேச்சே கிடையாது. பொறுத்துப் பார்த்தவள் போன வாரம், வீட்டுக்காரர் வரப்பில் வழுக்கி விழுந்து கால் பிசகிவிட்டது என்றாள். மறுநாளே அந்த வீட்டுக்காரர் கண்ணுசாமி, அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு படிகளில் தாவி ஏறிக் கடைக்குள் வந்தார். கால் எப்படி இருக்கிறது என்று யாரோ கேட்டதும்தான் அவருக்கு விவரம் புரிந்தது. வாசல்வரை நொண்டிக்கொண்டே போனவர், பைக்கை மட்டும் ஒரே உதையில் கிளப்பினார். கடையே சிரித்தது.

இனிமேல் பொய்யே கிடையாது என்று அவள் தீர்மானித்தது அன்றைக்குத்தான். கடைக்கு வந்திருந்த தொழிலாளர் ஆய்வாளர் சொன்னதும் நினைவில் இருந்தது. வார லீவு சட்டப்படியான உரிமை, அதை எடுக்கக் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்று அவர் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னார். முதலாளியும் பக்கத்தில் நின்று பலமாகத் தலையாட்டினார். ஆய்வாளரின் ஜீப் தெருமுனை திரும்பியதும் தலை நின்றுவிட்டது, அது வேறு விஷயம்.

இந்தப் புதனும் போன் வந்தது. சீட்டைக் கிழித்துவிட்டால், வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் இன்னொரு வேலை கிடைக்காது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"இன்னைக்கு எனக்கு லீவு சார். வரலை."

காரணம் வரும் என்று அவர் காத்திருந்தார். வரவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றாள். வீட்டில் யாருக்காவது? எல்லோரும் சௌக்கியம். பெண் பார்க்க வருகிறார்களா? அவளுக்குப் பெண்ணே கிடையாது. கடைசியில் அவர் குரல் தழைந்தது. தைரியமாக இரும்மா என்று சொல்லி வைத்துவிட்டார்.

தைரியம் எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. கண்ணுசாமிக்கு விளங்கியது. காரணம் சொல்லாமல் விட்டால் பெரிதாக ஏதோ நடந்துவிட்டது என்றுதானே நினைப்பார்கள், பேசாமல் ஜுரம் என்று சொல்லியிருக்கலாம் என்றார். அவள் காதில் வாங்காமல் வடைக்குப் பருப்பு ஊறப்போட்டாள்.

கடையில் கதை வளர்ந்துகொண்டே போனது. பில் போடும் ஷமீரா அவ்வப்போது போனில் சொன்னாள். முதலில் ஆனந்தவல்லிக்கு வெளியே சொல்ல முடியாத வியாதி. பிறகு தஞ்சாவூர்க் கடை ஒன்று அவளை இழுத்துக்கொண்டது. மத்தியானத்துக்குள் கண்ணுசாமியின் கால் நிஜமாகவே போய்விட்டது. அன்றைக்கு அவர் படியில் தாவி ஏறியதுதான் நடிப்பாம்.

சாப்பாட்டு நேரத்தில் குஞ்சிதபாதமே வந்து நின்றார். கையில் ஆப்பிள் பையும் ஹார்லிக்ஸ் பாட்டிலும். பார்த்துவிட்டு வரும்படி முதலாளி அனுப்பினாராம். அவர் முதலில் கண்ணுசாமியின் கால்களைப் பார்த்தார். இரண்டும் இருந்தன. பிறகு, மின்விசிறிக்கு அடியில் கால் நீட்டி வடை தின்றுகொண்டிருந்த ஆனந்தவல்லியைப் பார்த்தார். அவள் பதறி எழுந்தாள்.

"என்னதாம்மா காரணம்? என்கிட்ட மட்டும் சொல்லு."

"ஒண்ணும் இல்ல சார். லீவு நாளு, வீட்ல இருக்கணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

வேலை போயிற்று என்றே நினைத்தாள். அவரோ நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். அப்படியெல்லாம் சொல்லலாமா என்று கேட்டார். கண்டிக்கிற குரல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவள் வடைத் தட்டை நீட்டினாள். அவர் இரண்டு வடையைத் தின்று முடித்தார்.

"எனக்கும் புதன்தாம்மா லீவு," என்றார்.

ஆனந்தவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளும் இவர் தன் லீவில் கடையில் நின்றுகொண்டுதான் அவளைக் கூப்பிட்டிருக்கிறார். அவர்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய், ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை போட்டாள்.

சாம்பார் ஊற்றும்போது அவர் போன் அடித்தது. முதலாளிதான். அவர் குரல் அடுக்களைவரை கேட்டது. என்ன ஆயிற்று, எப்போது வருகிறாள்?

"அவங்களுக்கு இன்னைக்கு லீவுங்க," என்றார் குஞ்சிதபாதம்.

அது தெரியும், காரணம் என்ன என்றது போன்.

"லீவுதாங்க காரணம்." சாம்பாரில் சோற்றைப் பிசைந்தார். "எனக்கும் இன்னைக்கு லீவுங்க. நாளைக்கு வர்றேன்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். கண்ணுசாமி ஓடிப்போய், அவர் வாங்கி வந்த ஹார்லிக்ஸையே கலக்கிக் கொடுத்தார். குடித்தார், ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், வீட்டுக்குப் போய்த் தூங்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் ஷமீரா மறுபடி கூப்பிட்டாள்.

"மேனேஜருக்கு என்னக்கா ஆச்சு? காரணமே சொல்லாம வரலைன்னுட்டாராம். மொதலாளி பயந்துபோய் ஆப்பிள் வாங்கிக்கிட்டு அவர் வீட்டுக்குக் கெளம்பிட்டாரு."