குளக்கரையில் நாலிதழ்ப் பூ

1998 ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், அமெரிக்காவின் பிளெய்ன்ஸ்பரோவில் தங்கள் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் இருந்த குளத்துக்குக் களை பிடுங்கப் போனாள் ஷ்யாமளா. கணவன் மதனின் விசாவில் வந்தவளுக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. கோவையில் தாவரவியல் எம்.எஸ்சி. முடித்தவள், எட்டு மாதமாகப் பகலில் டிவி சமையல் நிகழ்ச்சிகளைப் பார்த்து ஓய்ந்திருந்தாள். சம்பளமில்லாமல் களையெடுக்க ஆள் கேட்டு லாண்டரி அறையில் ஒட்டியிருந்த நோட்டீசில் செடி என்று ஒரு வார்த்தை கண்ணில் பட்டதும் பேரைக் கொடுத்துவிட்டாள்.

அங்கே பத்துப் பேர் இருந்தார்கள். தலைமை ஜெயகுமாரி ஆன்ட்டி. நாகர்கோவில்காரர், மருந்துக் கம்பெனியில் கெமிஸ்ட், இருபது வருஷமாக இந்த ஊர். பிடுங்க வேண்டியது லூஸ்ஸ்ட்ரைஃப் என்ற ஊதாப் பூச்செடி. வெளியூரிலிருந்து வந்து குளம் குளமாக அடைத்துக்கொண்டிருக்கிறது என்று விளக்கி, எல்லோருக்கும் கையுறை கொடுத்தார்.

அரை மணி நேரம் பிடுங்கியபின் ஷ்யாமளாவின் கை நின்றது. கையிலிருந்த செடியும் ஆளுயரம்தான், பூவும் ஊதாதான். ஆனால் பூவுக்கு அடியில் காம்பு மாதிரி நீளமாக இருந்தது காம்பு இல்லை, சூலகம். வயல் வாய்க்கால்களில் மஞ்சளாகப் பூக்கும் நீர்க்கிராம்பை லேபில் எத்தனை முறை பிளந்து பார்த்திருக்கிறாள். இது அந்தக் குடும்பம்.

“ஆன்ட்டி, இது வேற செடி. லூஸ்ஸ்ட்ரைஃப்னா பெரும்பாலும் ஆறு இதழ், தண்டு சதுரமா இருக்கும். இதுல நாலு இதழ்தான். தண்டைத் தொட்டுப் பாருங்க, புசுபுசுன்னு இருக்கு.”

ஆன்ட்டி தொட்டுப் பார்த்தார். உடனே எல்லோரையும் நிறுத்தி, அந்தப் புதரை மட்டும் விட்டுவிடச் சொன்னார். அது என்னவென்று அடுத்த சனிக்கிழமைக்குள் கண்டுபிடிக்கும் பொறுப்பு ஷ்யாமளாவுக்கு வந்தது. அன்று அவள் வீட்டுக்கு நடந்ததை நடை என்று சொல்ல முடியாது. கிட்டத்தட்ட குதித்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை நூலகத்தில் விடை கிடைத்தது. வில்லோஹெர்ப். அதிலும் முடி அடர்ந்த வகை. ஓடைக்கரை, சாக்கடையோரம், குளத்து விளிம்பு என்று கால் நனையும் இடமெல்லாம் அதற்கு வீடு. அடுத்த வரியைப் படித்ததும் அவளுக்கு முகம் சுட்டது. அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்தேறியதுதான். வேராலும் பரவும், பஞ்சு ஒட்டிய விதையாலும் பரவும்.

மாலையில் குளத்தைப் போய்ப் பார்த்தாள். கீழ்க் காய்கள் பழுப்பேறி, நுனியில் வெடிக்கத் தொடங்கியிருந்தன. சனிக்கிழமை வரை தாங்காது.

மதனுக்கு இதில் பெரிய விஷயம் எதுவும் தெரியவில்லை. “யாருக்குத் தெரியப் போகுது? சாட்டர்டே மெதுவா சொல்லிக்கலாம், விடு,” என்றான்.

அவளுக்கு விட முடியவில்லை. மறுநாள் காலை ஆன்ட்டியின் ஆபீசுக்கே போன் பண்ணினாள்.

“ஆன்ட்டி, நான் சொன்னது பாதிதான் சரி. அது லூஸ்ஸ்ட்ரைஃப் இல்ல. ஆனா அதையும் எடுத்துதான் ஆகணும். விதை பறக்கறதுக்கு முன்னாடி.”

மறுமுனையில் ஆன்ட்டி சிரித்தார். அன்று மாலை ஐந்தரைக்கே குப்பைப் பைகளோடும் இன்னும் இரண்டு பேரோடும் வந்துவிட்டார். முதலில் காய்க்கொத்துகளை வெட்டிப் பையில் போட்டுக் கட்டினார்கள். பிறகு வேரைத் தோண்டினார்கள்.

மழைநீர்க் குழாய் வந்து விழும் சேற்றோரத்துக்கு வந்தபோது, கூட வந்தவர் முட்டியளவுச் செடி ஒன்றைப் பற்றி இழுக்கப் போனார். ஷ்யாமளா அவர் கையைத் தடுத்தாள். மிளகளவு வெளிர் ரோஸ் பூ, ஊதா படர்ந்த இலை. இதுவும் நாலு இதழ்தான்.

“இந்தத் தடவ நிச்சயமாம்மா?” என்றார் ஆன்ட்டி.

ஷ்யாமளா அவசரப்படவில்லை. சேற்றில் மண்டியிட்டு, கையோடு கொண்டுவந்திருந்த லென்ஸை எடுத்தாள். பெரிய செடியின் பூ நடுவில் சூல்முடி சிலுவை மாதிரி நாலாகப் பிரிந்திருந்தது. இதில் தீக்குச்சித் தலை போல ஒற்றைக் குமிழ். நூலகத்தில் எடுத்த ஜெராக்ஸை விரித்து ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தாள். ஈர மண்ணில் வளரும் இந்த ஊர் வில்லோஹெர்ப், இங்கேயே பிறந்தது.

“நிச்சயம் ஆன்ட்டி. இது இருக்கணும்.”

பதினோரு செடி இருந்தது. யாரும் பிடுங்கிவிடாமல் இருக்கச் சுற்றிலும் ஆரஞ்சு நிறச் சின்ன அடையாளக் கொடிகளை ஊன்றினார்கள். குப்பைப் பைகளைத் தன் காரில் ஏற்றியபடியே ஆன்ட்டி ஒரு விஷயம் சொன்னார். டவுன்ஷிப்பில் இதே மாதிரி இன்னும் ஆறு குளம் இருக்கிறது, எதில் என்ன வளர்கிறது என்று யாரிடமும் பட்டியல் கிடையாது. அதை ஷ்யாமளா எழுதலாம்; சம்பளம் இல்லாத வேலை, விசா குறுக்கே வராது. டிரைவிங் லைசென்ஸ் இல்லை என்று ஷ்யாமளா தயங்கியதற்கு, அழைத்துப்போவது தன் பொறுப்பு என்றார். தவறு செய்ததைத் தானே கூப்பிட்டுச் சொல்கிற ஆள்தான் பட்டியல் எழுத வேண்டும் என்பது அவர் கட்சி.

கதவைத் திறந்த மதன், முழங்கால் வரை சேறாக நின்றவளைப் பார்த்துக் கார்ப்பெட்டில் செய்தித்தாள் விரிக்க ஓடினான். அவள் அதன்மேல் நின்றபடியே ஆறு குளமும் எங்கெங்கே இருக்கின்றன என்று சொல்லத் தொடங்கினாள். மூன்றாவது குளத்தின்போது அவன் போய் மேப்பை எடுத்து வந்தான்.