மூன்றே நாளில் நிற்கும் அரிப்பு

1.
இந்தக் கதை என் தொடையிடுக்கில் தொடங்கியது. கௌரவமான இடத்தில் தொடங்கியிருக்கலாம்தான். படர்தாமரை இடம் கேட்டு வருவதில்லை.

முதலில் எழுதிய வரி: 'இதற்குத் தாமரை என்று பெயர் வைத்தவனை மட்டும்—'
(அடித்துவிட்டேன். எல்லாரும் எழுதியாகிவிட்டது.)

2.
கதையின் நாயகர் ஒரு மருந்துக்கடைக்காரர். அவரிடம் இரண்டு களிம்புகள். ஒன்று வெறும் பூஞ்சை மருந்து. மெல்லத்தான் கேட்கும், தோல் தெளிந்த பிறகும் விடாமல் போட வேண்டும். மற்றதில் ஸ்டீராய்டும் உண்டு. மூன்றே நாளில் அரிப்பு நிற்கும். பூஞ்சை நிற்காது, அடியில் சாவகாசமாகக் குடும்பம் நடத்தும்.

அவர் விற்பது இரண்டாவது. ஊரில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர்.
(குறிப்பு: நோய் தீராமல் திரும்பி வருகிறவர்களும் இந்தக் கைராசிக்குச் சாட்சிகள்.)

அவரை வில்லனாக்கத்தான் நினைத்தேன். ஆனால் தன் மனைவியின் இடுப்பில் வந்த படர்தாமரைக்கும் அதைத்தான் கொடுத்தார். வில்லன் கெட்டான்.

3.
நான்கு மாதத்தில் அந்த வட்டம் இடுப்பிலிருந்து முதுகுக்கு ஏறியது. மனைவி தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தார்.

"எந்தப் புண்ணியவான் இந்தக் க்ரீமைக் குடுத்தான்னு டாக்டரம்மா கேட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"பக்கத்து வீட்டுக்காரின்னேன். புருஷன்னு சொல்ல வாய் வரலை. தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"மெதுவா பேசு. நீதானே அரிக்குது அரிக்குதுன்னு அழுதே?"

"அதுக்கு? என் வாயை அடைக்கிற மாதிரி அதையும் அடைச்சிட்டீங்களாக்கும்."

அப்போது பேருந்து ஓட்டுநர் வந்தார்.

"அண்ணே, போன தடவை குடுத்த அதே க்ரீம். சூப்பரா கேட்டுச்சு. திரும்ப வந்திருச்சு, அது வேற விஷயம். இப்ப பாப்பாவுக்கும் தொத்திக்கிச்சு."

மனைவி நகரவில்லை. "குடுங்க, கைராசிக்காரரே. நானும் பார்க்கிறேன்."

உண்மையைச் சொன்னால் இருபது வருடப் பெயர் இன்றோடு போகும். சொல்லாவிட்டால் எதிரே நிற்கும் இந்த முகத்தோடுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

4.
முடிவு ஒன்று: தவறை ஒப்புக்கொண்டு சரியான மருந்தை எடுத்துக் கொடுக்கிறார்.
(எழுதிப் பார்த்தேன். சுகாதாரத் துறைச் சுவரொட்டி போல இருந்தது.)

முடிவு இரண்டு: பழையதையே கொடுக்கிறார். மனைவி அதைப் பார்த்து
(மேலே எழுதத் துணிவில்லை.)

அலமாரியில் இரண்டு பெட்டிகள். நடுவில் அவர் கை நிற்கிறது.

"எதையாவது குடுங்கண்ணே, வண்டி நிக்குது."

நான் ஒதுங்கிக்கொள்கிறேன். அந்தக் கையை நீங்கள் நகர்த்துங்கள். ஓட்டுநர் எதைக் கொடுத்தாலும் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். பாப்பாவுக்கு வயது இரண்டு.