பதினைந்து சினைமாடுகள்

அண்ணன் எதுவானாலும் போனில் பேசி முடிப்பவர். அன்று பண்ணை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு, சாணி ஒட்டிய செருப்போடு வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததுமே ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெரியப்பா மகன் என்று பேர்தான், கூடப் பிறந்தவர் மாதிரி.

"உள்ள வாங்கண்ணா."

அவர் வரவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதங்களை எடுத்து நீட்டினார்.

"பால் சங்கத்துல எல்லாருக்கும் கொடுத்தாங்க. எட்டாம் பக்கம் படி. நல்லாப் படி."

சினைமாடுகளைக் கரு கலைந்து கன்று வீச வைக்கும் ஒரு தொற்று நோய்க்கான புதுத் தடுப்பூசி பற்றிய அறிக்கை அது. மூன்று பண்ணைகளில் நூற்றிருபது சினைமாடுகளைத் தேர்ந்தெடுத்து, அறுபதுக்கு அந்த ஊசியும் அறுபதுக்கு வெறும் உப்பு நீரும் போட்டுச் செய்த ஆராய்ச்சி. எந்த மாட்டுக்கு எது என்று பண்ணைக்காரர்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவள் வேலை ஸ்கேன். ஊசிக்கு முன்னால் கரு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அறுபது நாள் கழித்து அது இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதினெட்டு வருஷமாக மாட்டு டாக்டர். பண்ணைகளில் அவளுக்கு ஸ்கேனம்மா என்றே பேர்.

எட்டாம் பக்கத்தைப் படித்தாள். ஆராய்ச்சியில் கணக்கில் கொள்ளப்பட்ட மாடுகள் நூற்றைந்து. தடுப்பூசி போட்டவை நாற்பத்தைந்து, போடாதவை அறுபது. கரு கலைந்தவை முந்தியதில் இரண்டு, பிந்தியதில் மூன்று. ஊசியால் சினைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: பதினைந்து மாடுகள் முதல் பரிசோதனையின்போதே சினையாக இல்லை; பரிசோதித்தவரின் பிழையால் தவறுதலாகச் சேர்க்கப்பட்டவை, எனவே நீக்கப்பட்டன. பக்கத்திலேயே அவற்றின் காது வில்லை எண்கள்.

இரண்டாவது ஸ்கேனில் மொத்தம் இருபது மாடுகளின் கருப்பை காலியாக இருந்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அதில் பதினைந்தைத்தான் காணோம். பதினைந்தும் ஊசி போட்ட பக்கத்து மாடுகள்.

"அதுல நாலு என் மாடு" என்றார் அண்ணன். "சினையே இல்லைன்னு எழுதியிருக்க. அந்தச் செவலைக் கிடேரி போட்டதை நான் கையால எடுத்தேம்மா. எலிக்குஞ்சு அளவு இருந்துச்சு. உங்க அண்ணி ரெண்டு நாள் சரியாச் சாப்பிடல. அதெல்லாம் பொய்யா?"

"அண்ணா, இதை நான் எழுதல."

"உன் கையெழுத்து இருக்குன்னு சங்கத்துல சொல்றாங்க. உன் முகத்துக்காகத்தான் நாப்பது மாட்டைப் பிடிச்சுக் கொடுத்தேன். வேற யாரு கேட்டிருந்தாலும் வாசல்லயே நிறுத்தியிருப்பேன்."

அதற்கு மேல் அவர் நிற்கவில்லை.

ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவள் அவளுடைய உயிர்த் தோழி. கல்லூரி விடுதியில் ஐந்து வருஷம் ஒரே அறை. இவள் உயரம் என்பதால் நெட்டை. அவள் கையளவு ஆள் என்பதால் குருவி. குருவி இன்று பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் துறைத் தலைவி. அவளுடைய உதவியாளர்கள் அவள் முன்னால் மூச்சு விடவே யோசிப்பார்கள். இவள் மட்டும் கதவைத் தட்டாமல் உள்ளே போவாள்.

அன்றும் தட்டாமல்தான் போனாள். குருவி மேசையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள்.

"வாடி நெட்டை. சாப்பிட்டியா?"

"அந்தப் பதினைஞ்சு மாடும் எங்கடி போச்சு?"

குருவி டப்பாவை மூடினாள். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். தெரியாமல் நடந்த தவறாக இருக்குமோ என்று வழியெல்லாம் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வந்தவளுக்கு, அந்தக் கதவைச் சாத்திய விதத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

"உக்காரு. கத்தாதே. நீதானே கையெழுத்துப் போட்ட?"

அலமாரியிலிருந்து கோப்பு ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். மூன்று பக்கம். முதல் பக்கத்தில், கீழ்க்கண்ட மாடுகளின் முதல் ஸ்கேன் படங்கள் தெளிவாக இல்லை, சினை என்று சொன்னது தவறாக இருக்கலாம் என்றிருந்தது. இரண்டாம் பக்கத்தில் பதினைந்து காது வில்லை எண்கள். மூன்றாம் பக்கத்தில் தேதி, நிலைய முத்திரை, அவளுடைய கோணல் கையெழுத்து.

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. இரண்டாவது ஸ்கேனின் கடைசி நாள், தொழுவத்தில், தோள் வரை பிளாஸ்டிக் உறை மாட்டிய இடது கை மாட்டுக்குள் இருந்தபோது, குருவி பக்கத்தில் வந்து, "மாமூல் பேப்பர்டி, கடைசிப் பக்கத்துல ஒரு கிறுக்கு கிறுக்கு" என்று வலது கையில் பேனாவைத் திணித்தாள். விடுதிக் காலத்திலிருந்து ஒருத்திக்கு ஒருத்தி எத்தனை முறை அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்! படிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"ஏண்டி?" என்றாள்.

"பத்து வருஷம் நெட்டை. இந்த ஊசிக்காகப் பத்து வருஷம். நோய் வந்தா ஒரு தொழுவமே காலியாகுது, நீயே பாத்திருக்க. ஊசி போட்டா கரு கலையும்னு ஒரு வரி வெளிய வந்தா போதும், ஒருத்தனும் மாட்டைப் பிடிச்சுக் கொடுக்க மாட்டான். அப்புறம் கலையறது பதினைஞ்சா இருக்காது, பதினைஞ்சாயிரமா இருக்கும்."

"முதல் மூணு மாசச் சினைக்குப் போடாதீங்க, சினைக்கு முன்னாடியே போட்டுடுங்கன்னு எழுதினா முடிஞ்சுது. ஊசி நல்ல ஊசிதான். உண்மையைச் சொன்னா அதுக்கு என்ன குறைஞ்சு போகுது?"

"அப்படி எழுதினா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். மூணு வருஷம். எனக்கு அந்தத் தெம்பு இல்ல." குருவியின் குரல் தணிந்தது. "உனக்கு ஒண்ணும் ஆகாது. ஸ்கேன்ல தப்பு வர்றது சகஜம். யாரு பெருசா எடுத்துக்கப் போறா?"

அவள் எழுந்தாள். பதினைந்திலும் கருவின் இதயத் துடிப்பை அவள் பார்த்திருந்தாள். கறுப்புத் திரையில் பயறளவு வெள்ளைப் புள்ளி, அதற்குள் படபடவென்று ஒரு துடிப்பு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்த பிறகுதான் எழுதியிருந்தாள். ஆனால் அந்தப் படங்கள் எல்லாம் குருவியின் கணினியில் இருந்தன. இப்போது கேட்டால் கிடைக்கும் என்று அவள் நம்பவில்லை.

மாடிப்படியில் இறங்கும்போதுதான் ரத்தம் நினைவுக்கு வந்தது.

ஊசி போட்ட அன்று ஒவ்வொரு மாட்டிடமும் இரண்டு குழாய் ரத்தம் எடுத்திருந்தாள். ஒன்று உடனே சோதனைக்குப் போனது. மற்றொன்று உதிரி, நிலையத்தின் கீழ்த்தளத்தில் உறைபெட்டியில் கிடந்தது. கரு தங்கியிருந்தால் மாட்டின் ரத்தத்தில் அதற்கென்றே ஒரு புரதம் ஊறும். கண் பிசகலாம், அந்தப் புரதம் பிசகாது.

உறைபெட்டிக்குப் பொறுப்பான பெரியவர் அவளைப் பார்த்ததும் பதிவேட்டைத் திறந்தார். "நல்ல நேரத்துல வந்தீங்க மேடம். இந்தத் தட்டை வர்ற வாரம் அழிச்சிடச் சொல்லிக் கடிதம் வந்திருக்கு."

"ரத்தம் எடுத்தவங்க கேட்டாக் கொடுக்கலாம் இல்ல?"

"விதியில இருக்கே. இங்க கையெழுத்துப் போடுங்க."

இந்த முறை அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழ் வரை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

பதினைந்து குழாய்களோடு, வேறு இடத்துச் சினையில்லாத மாடுகளிடம் எடுத்த ஐந்து குழாய்களையும் கலந்து, வெறும் எண் மட்டும் ஒட்டி, எந்தச் சம்பந்தமும் இல்லாத வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்பினாள். முடிவு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் அண்ணன் போனை எடுக்கவில்லை. அண்ணி மட்டும் ஒரு தடவை எடுத்து, "கொஞ்சம் ஆறட்டும்மா" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

முடிவு வந்தது. சினையில்லாத ஐந்துக்கும் சினை இல்லை என்றே வந்திருந்தது. பதினைந்தில் பதினான்கு, ஆம். ஒன்று, இல்லை. அந்த ஒன்று மூன்றாவது பண்ணையின் கிழட்டுக் கறவை. அதில் அவள் கண் உண்மையிலேயே பிசகியிருந்தது. அந்த ஒற்றைச் சொல் முள்ளாகக் குத்தியது. அதை மறைக்க நினைத்தால் மறைத்திருக்கலாம். பதினான்கையும் அந்த ஒன்றையும் சேர்த்தே எழுதி, ஆராய்ச்சிகளை மேற்பார்வை செய்யும் குழுவுக்கு அனுப்பினாள்.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நடந்தது. நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், ஐந்து பேர். குருவி எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். இவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

தலைவர் குருவியிடம் கேட்டார். "பதினெட்டு வருஷ அனுபவம் உள்ளவங்க பதினைஞ்சு மாட்டுல தவறாச் சொல்வாங்களா?"

குருவி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "இதைச் சொல்ல எனக்குச் சங்கடமாத்தான் இருக்கு சார். போன வருஷம் அவங்க இடது கண்ணுல ஒரு பிரச்சினை. விழித்திரைக்குச் சிகிச்சை எடுத்திருக்காங்க. வெளிய யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும்."

அறையில் ஐந்து முகங்களும் இவள் பக்கம் திரும்பின.

புருஷனிடம்கூட முழுசாகச் சொல்லாத விஷயம் அது. கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் குருவியின் தோளில் சாய்ந்துகொண்டு, "பார்வை போயிட்டா நான் என்னடி பண்ணுவேன்" என்று அழுதிருக்கிறாள். "நான் இருக்கேண்டி" என்று முதுகைத் தடவிக் கொடுத்தவள் இதே குருவிதான். அறிக்கையைப் படித்தபோது வந்தது கோபம். கையெழுத்தைக் காட்டியபோது வந்தது அவமானம். இப்போது வந்ததற்கு அவளிடம் பேர் இல்லை.

தண்ணீர் குடித்தாள். பாட்டிலை மூடினாள்.

"உண்மைதான் சார். சிகிச்சை எடுத்தேன். ஸ்கேன் ஆரம்பிக்கிறதுக்கு நாலு மாசம் முன்னாடியே சரியாயிடுச்சு, டாக்டர் கடிதம் இருக்கு, கொண்டு வந்து தர்றேன். ஆனா என் கண்ணை நீங்க நம்ப வேண்டாம். அந்த ஆய்வகத்துக்காரங்களுக்கு எது எந்த மாடுன்னே தெரியாது. அவங்க தாளைப் பாருங்க."

பார்த்தார்கள். அதிகப் பேச்சு தேவைப்படவில்லை. அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. பதினான்கு மாடுகளும் கணக்கில் சேர்ந்தன. அந்தக் கணக்கு மாறியதும் ஊசியின் முடிவும் மாறியது. சினைக்கு முன் போட்டால் நல்ல பாதுகாப்பு. சினையின் முதல் மூன்று மாதங்களில் போட்டால் கரு கலையும் அபாயம். குருவியைத் துறைத் தலைமையிலிருந்து எடுத்துவிட்டு, நூலகத்தை ஒட்டிய ஓர் அறைக்கு மாற்றினார்கள். ஊசி நின்றுபோகும் என்று அவள் பயந்தது நடக்கவில்லை. மூன்று வருஷமும் ஆகவில்லை. எட்டே மாதத்தில் வெளியே வந்தது.

அண்ணன் ஒரு நாள் தானாகவே போன் செய்தார். "சங்கத்துல புதுசாக் கொடுத்தாங்க, படிச்சேன்" என்றார். பிறகு, "பன்னெண்டு கிடேரி பருவத்துக்கு வந்திருக்கு. சினை ஊசிக்கு முன்னாடி இந்த ஊசியைப் போட்டுடலாமா?" என்று கேட்டார்.

"போடலாம்ணா. நானே வந்து போடறேன்."

"வா. ஆனா பேப்பர் எதுவும் கொண்டு வராதே" என்றார். பின்னால் அண்ணி சிரிப்பது கேட்டது. அண்ணன் சிரிக்கவில்லை.

மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற அச்சுத் தாளை அவள் முதன்முதலாகப் பார்த்தது அந்தப் பண்ணைக்குப் போகிற வழியில், வேனை ஓரம் கட்டிவிட்டு. சின்ன எழுத்துதான், ஆனால் தடித்த எழுத்து: சினையின் முதல் மூன்று மாதங்களில் போடக் கூடாது. ஒரே ஒரு வரி. அவள் மனசு பொங்கியது. இருபத்து மூன்று வருஷப் பழக்கத்தில் விரல் தானாகப் போனில் அந்த எண்ணைத் தொட்டுவிட்டது. நல்ல சேதி எது வந்தாலும் முதலில் சொல்வது அந்த ஒருத்தியிடம்தான்.

இரண்டு முறை மணி அடித்த பிறகுதான் யாரைக் கூப்பிடுகிறோம் என்பது உறைத்தது. சட்டென்று துண்டித்தாள்.

போனை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் உட்கார்ந்திருந்தாள். திரும்பி அழைப்பு வரவில்லை. வந்திருந்தால் எடுத்திருப்பாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ஐஸ் பெட்டியில் மருந்து சூடாகிவிடும் என்ற நினைப்பு வந்ததும் வேனைக் கிளப்பினாள்.