பாறணைக்கு ஒரு கவளம்

என் பெயர் மயூரதன். வயது இருபத்தாறு. இணுவில் செல்வநாயகியின் மகன். இப்போது இங்கிலாந்தில், பேர்மிங்ஹாமில், ஒரு குத்துச்சண்டைக் கூடத்துக்கு மேலிருக்கும் அறையில் இருக்கிறேன். நான் வாயால் சொல்லச் சொல்லக் கைபேசி எழுதுகிறது. அம்மாவுக்குக் கண் தெளிவில்லை, வீட்டில் யாராவதுதான் வாசித்துச் சொல்ல வேண்டும். யார் வாசிப்பீர்கள் என்று தெரியாததால் ஊர் பேரெல்லாம் சொல்லித் தொடங்குகிறேன்.

நாளைக்கு எனக்கு இங்கே தராசில் ஏற்றி நிறை பார்க்கிறார்கள். மறுநாள் சண்டை. அங்கே நாளைக்கு விரதம் முடித்துச் சாப்பிடும் பாறணை. கந்தசஷ்டி விரதத்தை அம்மா எனக்காகவே பிடிக்கிறார் என்றும், நான் நிறை காட்டிச் சாப்பிட்டேன் என்று அறியாமல் பாறணைச் சோற்றைத் தொடமாட்டார் என்றும் தங்கச்சி மதுரா சொன்னாள். கேட்டதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முந்தியும் ஒருதரம் இப்படி நடந்தது. காசுக்குக் குத்தும் என் முதல் சண்டை யாழ்ப்பாணம் டவுனில், ஒரு கலியாண மண்டபத்தில். எதிராளி நெல்லியடி டினேஸ். அந்தச் சண்டையைப் பார்த்துத்தான் இந்தக் கூடத்திலிருந்து வந்தவர்கள் என்னை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்க இருந்தார்கள். நிறை கொஞ்சம் கூடினாலும் சண்டை இல்லை. நிறை பார்க்கும் நாள் பாறணை நாளாக வந்து விழுந்தது.

முதல் நாள் மாலை கோயிலில் சூரன் போர். சூரன் உருவத்தைத் தூக்கி ஆட்ட ஆள் காணாது என்று பெடியள் வந்து கூப்பிட்டார்கள். தோளில் சூரனோடு வீதி முழுக்கத் துள்ளினால் மிச்ச நிறையும் வேர்வையாய்ப் போய்விடும் என்று நான் நினைத்தேன். நிறை போனதும் உண்மைதான். ஆனால் சூரன் விழுந்த பிறகு தாகசாந்திப் பந்தல் ஒவ்வொன்றிலும் மறித்துச் சர்க்கரைத் தண்ணீர் தந்தார்கள். கோயில் காரியம், மறுக்க வாய் வரவில்லை. செம்பு செம்பாய்க் குடித்தேன்.

காலையில் மண்டப முற்றத்தில் தராசில் ஏறினால், நிறை கூட. மத்தியானத்துக்குள் குறைத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். பயிற்சியில் என் குத்துகளைக் கையில் வாங்கும் சிநேகிதன் றுமைஸ் தலையில் கைவைத்தான்.

"சனம் முருகனைத் தூக்குது. நீ போய்ச் சூரனைத் தூக்கியிருக்கிறாய். உனக்கு உது வேணும்."

வேர்க்கட்டும் என்று மழைக்கோட்டை மாட்டி வெயிலில் ஸ்கிப்பிங் கயிறு அடிக்க விட்டான். அந்த நேரம் பார்த்து ஓட்டோவில் அம்மாவும் கமலாவதி மாமியும் வந்து இறங்கினார்கள். கையில் சாப்பாட்டுக் கரியர், வாழையிலை, எனக்கு ஒரு புது வேட்டி. அம்மா காலையில் பாறணை பண்ணவில்லை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"நீ பட்டினி கிடக்க எனக்கு எப்பிடியடா இறங்கும்? நீ ஏறிப்போட்டு வா. நான் இருப்பன்."

மதில் நிழலில் கதிரை போட்டு இருந்தார். நான் கயிறு அடித்துக்கொண்டே அவரைப் பார்த்தேன். உதடு காய்ந்திருந்தது. பிறகு தலை மெல்லச் சரிந்து மாமியின் தோளில் விழுந்தது. கயிற்றைப் போட்டுவிட்டு ஓடினேன். றுமைஸ் என் மழைக்கோட்டைப் பிடித்து நிறுத்தி, நீ அடி, அம்மாவை நான் பார்க்கிறேன் என்றான். தண்ணீரோடு போய் அம்மாவின் முன்னால் குந்தினான்.

"அம்மா, எங்கடை றம்ழான் நோன்பிலை உடம்பு ஏலாட்டி விடலாம். பாவமெண்டா என்ரை கணக்கிலை போடுங்கோ."

அம்மா கண்ணைத் திறந்தார். "உன்ரை கணக்கிலை இன்னும் இடமிருக்கோ?"

சிரித்தபடி ஒரு மிடறு குடித்தார். அதற்கு மேல் இல்லை.

மறுபடி ஏறினேன். முள் இன்னும் மயிரளவு கூட நின்றது. காற்சட்டையையும் கழற்ற வேண்டும் என்றார்கள். பெண்கள் இருக்கிறார்களே என்று நான் நெளிந்தேன். அம்மா எழும்பி, கொண்டுவந்த வேட்டியை விரித்தார். ஒரு தலைப்பை அவரும் மறு தலைப்பை மாமியும் பிடித்து, முகத்தை மதில் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்கள். பூசைக்கு முன் மூலஸ்தானத்துத் திரை மாதிரி. உள்ளே நான் பிறந்த மேனியாய்த் தராசில்.

"சரியோ தம்பி?"

"ஓம் அம்மா. சரி."

"அப்ப உந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு வா. இலை போடுறன்."

மண்டபத்து நிலத்திலேயே இலை போட்டார். டினேசையும் கூப்பிட்டு இருத்தினார். முதல் கவளம் எனக்கு, பிறகுதான் அம்மாவுக்கு. மறுநாள் டினேஸ் என் கண்ணை வீங்கவைத்தான். ஆனாலும் நான் வென்றேன்.

இப்போது அம்மாவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. இங்கே நிறை பார்த்து முடிய அங்கே இருட்டிவிடும். அவ்வளவு நேரம் அவர் தாங்கமாட்டார். இந்த முறை நான் சூரனைத் தூக்கவில்லை, சர்க்கரைத் தண்ணீரும் இல்லை. ஒரு கவளத்துக்கு இடம் விட்டே நிறையைக் குறைத்திருக்கிறேன். ஒரு பிடி சோறு மூடி வைத்திருக்கிறேன்.

வாசிக்கிறவர் ஆராயிருந்தாலும் ஒரு உதவி. விடிய அம்மா கோயிலால் வந்தவுடன் இலையைப் போட்டு எனக்கு வீடியோ கோல் எடுங்கோ. எனக்கு என்ன நேரமெண்டு பார்க்க வேண்டாம். நான் வாயில் வைப்பதை அவருக்குக் காட்டி, அவரைச் சாப்பிட வையுங்கோ.