ஐந்தாவது டூலனின் தும்மல்

1

இந்தக் கதை என் மூக்கில் தொடங்குகிறது. இதைவிடக் கௌரவமான உறுப்பில் தொடங்க முடியுமா என்று சில தாள்களைக் கசக்கிப் பார்த்துவிட்டேன். முடியவில்லை. மூக்குதான்.

ஸ்க்ரான்டன் நகரம், திங்கட்கிழமைப் பகல் காட்சி. அந்தக் காலத்துக் கதம்ப மேடையில் ஒரே டிக்கெட்டுக்குப் பாட்டு, குட்டிக்கரணம், கத்திவீச்சு, கணக்குப் போடும் நாய் எல்லாம் உண்டு. அன்று எங்களுக்கு முந்தைய உருப்படி பழக்கிய புறாக்கள். புறாக்களைப் பழக்கியவர் இறகுகளைப் பழக்க மறந்துவிட்டார்.

அடுத்து நாங்கள், ‘ஐந்து டூலன்கள்’. மனிதக் கோபுரம் கட்டி நிற்கிறோம். அடியில் குடும்பத் தலைவர் பேட்ஸி டூலனும் நானும். எங்கள் தோள்கள்மேல் அவர் மனைவியும் மகனும். உச்சியில், பை வைத்த மாலுமிச் சட்டையோடு, மகள் டெல்லா. அப்போது உத்தரத்திலிருந்து ஒரு வெள்ளை இறகு கிளம்பியது. பந்தியில் இடம் தேடும் பெரிய மனிதரைப் போல இப்படியும் அப்படியும் பார்த்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கிவந்து, என் மூக்கில் உட்கார்ந்தது. என் இரண்டு கைகளிலும் டூலன் அம்மாளின் கணுக்கால்கள்.

தும்மினேன்.

மற்ற டூலன்கள் பழக்கதோஷத்தில் அழகாக உருண்டு எழுந்துவிட்டார்கள். டெல்லா மட்டும் மேடை விளக்குகளைத் தாண்டி, மேடைக்கு முன்னே வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்துக்குள் பறந்து, இடம் போதாமல் படுக்கவைத்திருந்த பெரிய டிரம்மின் தோலைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள். டமார். வயலின்காரர் சிலுவை போட்டுக்கொண்டார்.

கிழிசலிலிருந்து ஒரு தலை எழும்பியது.

“யாருங்க அது, கதவத் தட்டுனது?”

ஜனங்கள் சிரித்தார்கள் என்று எழுதினால் அது கஞ்சத்தனம். கூரையில் மிச்சம் ஒட்டியிருந்த இறகெல்லாம் உதிர்ந்தது, அப்படிச் சிரித்தார்கள். அரங்க முதலாளி ஓடிவந்து, “சாயங்காலமும் இதையே செய்யுங்க” என்றார். ஒரு நட்சத்திரம் பிறந்தது. பிரசவம் பார்த்தது என் மூக்கு.

[முதல் தாளைப் படித்த டெல்லா: “இதுல பூரா உன் மூக்குதான் இருக்கு. நான் எப்படா வருவேன்?”

“வந்துட்டியே, கோபுரத்து உச்சியில.”

“கீழ விழுறதுக்குத்தான கூப்பிட்ட.”]

2

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று இருந்தேன், ஆனால் எனக்கு ரகசியம் தங்காது.

டெல்லாவின் புதுப் படத்துக்கு வசனம் நான். கடைசிக் காட்சியில் ஒரு முதிய நடிகை தான் பிறந்த மேடைக்குத் திரும்புகிறாள், ஏணியில் ஏறுகிறாள், வழுக்கி டிரம்முக்குள் விழுகிறாள், தலையை நீட்டி அதே வரியைச் சொல்கிறாள். நாளை காலை படப்பிடிப்பு. ஸ்டூடியோ ஒரு டூப்பைத் தயாராக வைத்திருக்கிறது, இருபது வயதுப் பெண், ரப்பர் போல வளைகிறாள். டெல்லாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

“டூப் போடலாமா மேடம்?” என்று கேட்டார் இயக்குநர். நல்ல பையன். இன்னும் மீசை சரியாக முளைக்கவில்லை.

“போடலாமே. உங்களுக்கும் ஒண்ணு போடலாம், படம் நல்லா வரும்.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். எல்லோரும் கடைசியில் என்னைத்தான் பார்ப்பார்கள். டெல்லா விழுவதா, டூப்பா, அல்லது காட்சியே வேண்டாமா? எதுவானாலும் இன்று மாலைக்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு எனக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும்: அன்று அவளுக்கு வலித்ததா?

இத்தனை வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்காத பத்திரிகை கிடையாது. பதில்களில் சில: ‘டிரம்மைக் கேளுங்க, அதுதான் கிழிஞ்சது.’ ‘கீழ விழுறப்ப வலிக்கல, மேல வர்றப்ப மூணாவது வரிசையில எங்க மாமாவப் பாத்தேன், அப்ப வலிச்சுது.’

நானும் கேட்டிருக்கிறேன். எனக்குக் கிடைத்தவை இன்னும் மோசம்.

3

என்னைப் பற்றி இரண்டு வரி. (நான்கானாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நான் டூலன் இல்லை. மோ ஸ்லோட்கின், தொப்பிக்கடை ஆள். ஐந்தாவது டூலனான டெல்லாவின் சித்தப்பா, கண்ணாடித் தம்ளர்களில் இசை எழுப்பும் ஒரு பெண்மணியோடு மேற்கே போய்விட்டார். சுவரொட்டியில் ‘ஐந்து’ என்று அச்சாகிவிட்டது. தொப்பி வாங்க வந்த பேட்ஸி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனக்கு என்னப்பா தெரியும்?”

“ஒண்ணும் தெரியாதுங்க.”

“ரொம்ப நல்லது. கேள்வி கேக்குற வேலை உனக்கு.”

அது ஒரு உத்தியோகம். கோபுரம் கட்டாத நேரத்தில் ஒருவன் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு நேராகக் கேள்வி கேட்க வேண்டும். இன்னொருவர் கோணலாகப் பதில் சொல்லிக் கைதட்டு வாங்குவார். கேட்டவன் நான். கைதட்டு டெல்லாவுக்கு.

மேடையோடு விட்டார்களா என்றால் இல்லை. டூலன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு சட்டம் இருந்தது: கேட்ட கேள்விக்கு நேரான பதிலை யார் முதலில் சொல்கிறாரோ, அவர்தான் அன்றைக்குத் தட்டு கழுவ வேண்டும். நான் சேர்ந்த அன்று உருளைக்கிழங்கை நீட்டி, “இன்னும் வேணுமா?” என்று டெல்லா கேட்டாள். “வேணும்” என்றேன். மேசையே எழுந்து நின்று என் கையைக் குலுக்கியது. அந்த வாரம் முழுக்கத் தட்டு என்னுடையதுதான்.

பேட்ஸி சாகக் கிடந்தபோது வைத்தியர் குனிந்து, “எங்க வலிக்குது?” என்று கேட்டாராம்.

“இந்த ஊர்லதான் டாக்டர். பிட்ஸ்பர்க்ல நல்லா இருந்தேன்.”

போகிறபோதும் மனிதர் தட்டு கழுவவில்லை.

4

இனி அவளுடைய வளர்ச்சியைச் சொல்ல வேண்டும். இங்கே எழுத்தாளர்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. இப்போது நினைத்தாலும் கால் தரையில் நிற்காமல் குதிக்கிறது.

ஊர் ஊராக டிரம். மறுநாளிலிருந்து தோலுக்குப் பதில் காகிதம். டெல்லா விழுகிறாள், தலை எழும்புகிறது, இடது கை சட்டைப்பையில், வலது கையால் மட்டும் ஒரு வீச்சு. ஜனங்களுக்கு அந்த ஒற்றைக் கை வீச்சின்மேல் பித்துப் பிடித்துவிட்டது. ரயிலில், சலூனில், தேவாலய வாசலில்கூட இடது கையைப் பையில் விட்டு வலது கையை வீசும் ஆட்களைப் பார்த்தேன். நியூயார்க்கின் பெரிய நாடகக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். அடுத்த பனிக்காலம் அவள் பிராட்வே நாடக அரங்கில், பட்டு உடுத்திய சீமாட்டியாக, இடது கை அங்கியின் பையில். பிறகு சினிமா. பேசாத படக் காலத்தில், நாக்கால் பிழைத்த குடும்பத்துப் பெண் எப்படிப் பிழைப்பாள் என்று எல்லோரும் உதட்டைப் பிதுக்கினார்கள். அந்த ஒற்றைக் கை பேசியது ஐயா. படம் பேச ஆரம்பித்ததும், பெரிய பெரிய முகங்கள் கீச்சுக்குரலால் மண்ணைக் கவ்வியபோது, டெல்லா வாயைத் திறந்தாள், அரங்கங்கள்

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. ‘அதிர்ந்தன’ என்றுதான் முடிப்பேன், உங்களுக்கே தெரியும்.)

அந்தக் கையைப் பற்றி ஆராய்ந்து எழுதியவர்கள் உண்டு. ‘உலகத்தை அலட்சியம் செய்யும் கை’ என்றார் ஒருவர். பையில் சாண்ட்விச் வைத்திருக்கிறாள் என்பது என் கட்சி.

ஒவ்வொரு விருந்திலும் யாராவது என்னைத் தோளில் தட்டி, “தும்மினது நீங்கதானா?” என்பார்கள். நான் அடக்கமாகத் தலைகுனிவேன். நன்றாகப் பழகி வைத்திருந்த தலைகுனிவு.

5

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஏணியிலிருந்து டெல்லா விழுகிறாள். படக்குழு முழுவதும் கைதட்டுகிறது. இயக்குநர் அழுகிறார். நான் ஓரமாக நின்று மூக்கைச் சிந்துகிறேன். (எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே சந்தேகம் வந்துவிட்டது.)

டூப் விழுகிறாள். தலை மட்டும் டெல்லாவுடையது. யாருக்கும் தெரியப்போவதில்லை. டெல்லாவுக்குத் தெரி

வேண்டாம்.

மூன்றாவது: டிரம் கிடையாது. நடிகை வெறும் மேடைக்கு வருகிறாள், பள்ளத்தை எட்டிப் பார்க்கிறாள், போகிறாள். நல்ல முடிவு, அமைதியான முடிவு. தாளில் எழுதிவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரம் இல்லையென்றால் விழுந்த கதை இல்லை. விழுந்த கதை இல்லையென்றால் தும்மல் இல்லை. தும்மல் இல்லையென்றால், வாசகரே, முதல் தாளைப் புரட்டிப் பாருங்கள், அங்கே யார் மிச்சம்? இறகுதான்.

அந்தத் தாளை நான் கசக்கவில்லை. மடித்து டெல்லா வீட்டு உப்புச்சாடிக்கு அடியில் வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

6

ஞாயிற்றுக்கிழமை மதியம். டெல்லா வீட்டுச் சமையலறை மேசை, நாங்கள் இருவர் மட்டும். உப்பிட்ட மாட்டிறைச்சி, முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரம். மற்ற டூலன்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சட்டம் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அவள் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இதுவரை நீங்கள் படித்ததையெல்லாம் படித்து முடித்தாள்.

“எங்க அப்பா பத்தி சரியா எழுதிருக்க. சாண்ட்விச் பத்தித் தப்பு.”

“அப்ப பையில என்ன இருந்துது?”

“கை.”

“டெல்லா, சாயங்காலம் ஸ்டூடியோக்காரன் வருவான். வலிச்சுதா, இல்லையா?”

“உருளைக்கிழங்கு வேணுமா?”

“பேச்ச மாத்தாத.”

“நீ மொதல்ல மாத்து. நாள்தவறாம ஒரே கேள்வி. டிரம்முக்குக்கூட தோல் மாத்துனாங்க.”

அவள் உப்புச்சாடியை நகர்த்தி, மடித்த தாளை எடுத்துப் பிரித்தாள். படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு தன் வாழ்நாளில் செய்திராத காரியத்தைச் செய்தாள். பதில் வேண்டி என்னைக் கேள்வி கேட்டாள்.

“இத ஏன் ஒளிச்சு வெச்ச?”

கோணலாக ஏதாவது சொல்லத் தேடினேன். இத்தனை வருடம் அவள் பக்கத்தில் நின்றும் ஒன்றைக்கூடக் கற்கவில்லை.

“அந்தத் தும்மல எடுத்துட்டா எனக்குன்னு எதுவும் இல்ல. அதான்.”

அவள் சிரிக்கவில்லை. “தட்டு உனக்கு” என்றாள்.

“தெரியும்.” எழுந்து தட்டுகளை அடுக்கினேன்.

“உக்காருடா.”

உட்கார்ந்தேன்.

“ஒடஞ்சுது” என்றாள். “இடது தோள்பட்ட எலும்பு. உள்ள போனப்பவே படக்னு சத்தம் கேட்டுச்சு. டிரம் சத்தம்னு நெனச்சுட்டாங்க எல்லாரும். கைய தூக்க வரல, பையில சொருகிக்கிட்டேன். ஆறுன பெறகு ஜனங்க கைய வெளிய எடுக்க விடல.”

“சாயங்காலமும் விழுந்தியே.”

“விழுந்தேன். ரொம்ப வலிச்சுது, மோ.”

“எதுக்காக? வாய்விட்டு அழுதிருக்கலாமே.”

“தலைய வெளிய நீட்டினேன். அப்பா உன்னைப் பாத்த பார்வையப் பாத்தேன். ஜனம் சிரிக்கலேன்னா அன்னிக்கே உன்னை ரயில் ஏத்திருப்பாரு.”

“ஏத்தட்டுமே. வந்து ஒரு வாரம்தான ஆச்சு.”

“அந்த வாரம் நான் ஒரு தட்டுகூடக் கழுவலையே.” சொல்லிவிட்டுக் கையை உயர்த்தி நிறுத்தினாள். “இரு. அது பதில் இல்ல.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். “நீ கேள்வி கேட்டுட்டு, பதிலக் கேக்கணும்ங்கிற மாதிரி நிப்ப. மேடையில எல்லாரும் சிரிப்பாங்க, நீ மட்டும் காத்துக்கிட்டு நிப்ப. எங்க வீட்ல யாரும் அப்படி நின்னதில்ல. நீ போயிடக் கூடாதுன்னு இருந்துச்சு.”

எலுமிச்சை மரத்தைப் பார்த்தேன். அதில் பார்க்க ஒன்றுமில்லை.

“நாளைக்கு?” என்றேன். “பயமா இருக்கா?”

“இருக்கு.”

எழுந்தாள். என் முன்னாலிருந்த தட்டுகளை எடுத்துக்கொண்டாள். வலது கையால் இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டுக் குழாயைத் திறந்தாள். இரண்டு கைகளும் தண்ணீருக்குள் போயின.

வாசகரே, எல்லாத் தாள்களும் மேசையில் இருக்கின்றன, பென்சில் உப்புச்சாடிக்குப் பக்கத்தில். எது வேண்டுமோ வைத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடுங்கள், மூக்கானாலும் சரி. நான் தட்டு துடைக்கப் போகிறேன்.